மறதியுள்ளவரின் சம்பளம் ஹலாலா?

சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒவ்வொருவரும் முதலாளிக்கு இரண்டு பொருள்களைக் கொடுப்பதாக ஒப்புக்கொள்கின்றார். ஒன்று, தம்முடைய நேரம். மற்றொன்று, தம்முடைய கவனம். நேரத்தைக் கொடுத்தாரா என்பதைச் சுவரில் தொங்கும் கடிகாரமே சொல்லிவிடும். கவனத்தைக் கொடுத்தாரா என்பதை அவரைப் படைத்த ரப்பு அறிவான். ஓரளவுக்கு அவரும் அறிவார்.

இந்த இரண்டாவது பொருளைக் கொடுக்க வேண்டுமென்று மனமார நாடியும், கொடுக்க இயலாமல் ஒருவர் தவித்தால் அவர் வாங்கும் ஊதியத்தின் நிலை என்ன? சென்னையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் பணியாற்றும் வாலிபர் ஒருவர் நம்மிடம் இதைக் கேட்டார். தொழுகையாளி, பொய் பேசாதவர். கணக்கில் அவருக்கு மந்தமில்லை. பிறருக்கு மூன்று நாள் பிடிக்கும் வேலையைச் சில சமயம் ஒரே இரவில் முடித்துவிடுவார். ஆனால் சாதாரணமான ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தால், எழுதுவதற்குள் எழுந்து விடுவார். ஒருவருக்கு அனுப்ப வேண்டிய பில்லை வேறொருவருக்கு அனுப்பியது இரண்டு தடவை. நல்ல மருத்துவரிடம் காட்டியதில், அவருக்குச் சிறு வயது முதலே ஏ.டி.எச்.டி. என்னும் கோளாறு இருந்து வருவதாகச் சொல்லப்பட்டதாம். “எட்டு மணி நேரத்துக்குச் சம்பளம் வாங்குகிறேன் ஹஜ்ரத். மூன்று மணி நேரம்தான் வேலை ஓடுகிறது. மீதி ஐந்து மணி நேரத்துக் காசு என் பிள்ளைகள் வயிற்றில் ஹராமாகவா போகிறது?” என்று கேட்டபோது அவர் குரல் தடுமாறியது.

தன் உணவில் ஹராம் கலந்துவிட்டதோ என்று ஒரு முஃமின் அஞ்சுவது ஈமானின் அடையாளம். ஆனால் அச்சம் சரியான இடத்தில் விழ வேண்டும். ஆகவே, அந்நோய் இன்னதென்று முதலில் பார்ப்போம்.

நம் வீடுகளில் இப்படிப்பட்டவர்களுக்குத் தயாராகத் தீர்ப்புகள் இருக்கின்றன. சோம்பேறி என்பார் மாமனார். பொறுப்பில்லாதவர் என்பார் மனைவி. திமிர் என்பார் முதலாளி. இவற்றையெல்லாம் விடக் கனமான ஒரு தீர்ப்பும் உண்டு: “பாவம் அதிகமானால் மறதி அதிகமாகும்.” இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தம் நினைவாற்றல் குறைவதாக உஸ்தாத் வகீஉ (ரஹ்) அவர்களிடம் முறையிட, பாவங்களை விட்டுவிடுமாறு அவர் சொன்னதாக வழங்கிவரும் செய்தியை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். மேதையான ஒரு மாணவருக்கு அவருடைய உஸ்தாத் சொன்ன அன்பான உபதேசம் அது. அதைத் தலைகீழாகத் திருப்பி, மறதியுள்ளவர்களெல்லாம் பாவிகள் என்று சொல்ல எந்த விதி இடம் கொடுக்கிறது? மத்ரஸாக்களில் நாமெல்லாம் ஓதிய தஅலீமுல் முதஅல்லிம் நூலில், மறதியை உண்டாக்கும் காரியங்களின் பட்டியலில் பாவத்தோடு பச்சைக் கொத்தமல்லியும் புளிப்பு ஆப்பிளும் இருக்கின்றன. அதற்காக எந்த மாமனாரும் மருமகன் ரசத்தில் கொத்தமல்லி போடுவதை நிறுத்தியதாக நாம் கேள்விப்பட்டதில்லை!

மருத்துவர்களே கூட இதை முதலில் ஒழுக்கக் குறையாகத்தான் பார்த்தார்கள் என்பது கவனிக்கத் தக்கது. 1902-ஆம் ஆண்டு லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், அறிவில் குறைவில்லாதிருந்தும் ஒன்றில் நிலைத்து நிற்க முடியாத, தம்மை அடக்கிக்கொள்ள இயலாத சில பிள்ளைகளை வர்ணித்தார். ஒழுக்கக் கட்டுப்பாட்டில் ஏற்பட்ட குறை என்றே அந்நிலையைக் குறிப்பிட்டார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் நோய்க் கையேடு 1980-ல் இதைக் கவனக் குறைவுக் கோளாறு என்றது. 1987-ல் இப்போது வழங்கும் பெயர் வந்தது. சிறுவரின் கோளாறு, வளர வளரப் போய்விடும் என்ற எண்ணமும் நெடுங்காலம் இருந்தது. போகாமல், பெரியவர்களாகி உத்தியோகத்தில் அமர்ந்த பின்னும் பலரிடம் தொடர்கின்றது என்பது பிற்பாடுதான் விளங்கிற்று. வயது வந்தோரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கலாமென்பது மருத்துவ ஆய்வாளர்களின் மதிப்பீடு. இதில் பெரும்பங்கு பரம்பரையாக வருவது. பெற்றோர் வளர்த்த முறையினால் பிறப்பதன்று. தாயத்துக் கட்டிப் போகக்கூடிய ஜின் சேட்டையுமன்று.

பெயரைக் கேட்டால் இவர்களுக்குக் கவனமே இல்லையென்று தோன்றும். உண்மை அதுவன்று. கவனம் உண்டு, கடிவாளம் பலவீனம். பிடித்த வேலையில் இறங்கினால் பசியும் தெரியாது, பாங்கு சொன்னதும் கேட்காது. பிடிக்காத வேலையைத் தொடங்குவதே மலையைப் புரட்டுவதாயிருக்கும். சொன்ன சொல் காதில் விழும், கதவைத் தாண்டுவதற்குள் நழுவிவிடும். பத்து நிமிடத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் உள்ள வேறுபாடு இவர்களுக்கு உள்ளே தெரிவதில்லை. இது எல்லோருக்கும் எப்போதாவது நேர்வதுதானே என்று கேட்கலாம். ஆம், அதனால்தான் மறதி வந்தவரெல்லாம் தமக்கு இந்நோய் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அடையாளங்கள் தென்பட்டிருக்க வேண்டும், வீடு, பள்ளி, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வாழ்க்கையைப் பாதித்திருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுக் கையேட்டின் நிபந்தனை. இரவெல்லாம் கைப்பேசியைத் தேய்த்துவிட்டுப் பகலில் கடையில் கண்ணயர்பவருக்கு இந்தக் கட்டுரையில் சலுகை எதுவும் இல்லை.

இனி ஷரீஅத்தின் பக்கம் வருவோம்.

எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்பது அல்பகரா அத்தியாயத்தின் இறுதி வசனம் (2:286) நமக்குத் தரும் உறுதி. மறந்துவிட்டால் எங்களைக் குற்றம் பிடிக்காதே என்று கேட்கும் துஆவையும் அதே வசனத்தில் அவனே கற்றுத் தருகின்றான். ஆகவே நாடாமல் நேரும் மறதியில் பாவமில்லை. இது எல்லோரும் அறிந்தது. இத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள்தாம் தவறு செய்கின்றார்கள்.

ஏனெனில் பாவம் நீங்குவது வேறு, பொறுப்பு நீங்குவது வேறு. தொழுகையை மறந்தவர் பாவியல்லர். ஆனால் நினைவு வந்தவுடன் தொழுதாக வேண்டும். தொழுகைக்குள் ஒரு நிலையை மறந்தவரைச் சட்டம் திட்டுவதில்லை. ஸஹ்வு ஸஜ்தா செய்யச் சொல்கின்றது. (ஸலாமுக்கு முன்பா பின்பா என்பதில் ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் வேறுபடுவர். அந்த விவாதம் இங்கே வேண்டாம்.) பிறர் பொருளை மறதியாகவோ கைதவறியோ அழித்தவருக்கு மறுமையில் தண்டனை இல்லை, இம்மையில் ஈடு உண்டு. அல்லாஹ்வின் ஹக்கைவிட அடியார்களின் ஹக்கில் கணக்கு இறுக்கமானது. ஒருவருடைய மூளையின் அமைப்பு வேறாயிருப்பதால் இன்னொருவருடைய காசு அவருக்கு ஹலாலாகிவிடாது.

அந்த வாலிபருடைய கேள்விக்கு இதில் பாதி பதில் இருக்கின்றது. மறுபாதி, கூலிச் சட்டத்தில் இருக்கின்றது. கூலிக்கு வேலை செய்பவரை நம் ஃபுகஹாக்கள் இரு வகையாகப் பிரித்தார்கள். தையற்காரர், சலவைக்காரர் போன்று பலருக்கும் வேலை செய்பவர் ஒரு வகை. அவர் வேலையை முடித்தால்தான் கூலி. குறித்த நேரத்துக்குத் தம்மை ஒரே முதலாளியிடம் ஒப்படைத்தவர் மற்றொரு வகை. அவரை அஜீருன் காஸ் என்பர். இவர் அந்த நேரத்தில் தம்மை வேலைக்கென்று ஒப்படைத்துவிட்டால் கூலிக்கு உரியவராகிவிடுகின்றார், அந்நேரத்தில் செய்ய வேலை அமையாவிட்டாலும் சரியே, என்பது ஹனஃபி நூல்களின் விளக்கம். மாதச் சம்பளக்காரர் இந்த வகையினர். எனவே, நேரத்துக்கு வந்து, வேலையை நாடி அமர்ந்து, மனம் ஓடும்போதெல்லாம் அதைத் திரும்ப இழுத்து வருபவருடைய சம்பளத்தை ஹராம் என்று நாம் சொல்லத் துணிய மாட்டோம். ஓடிய மனத்தைத் திரும்ப இழுக்கும் அந்தப் பாடு முதலாளியின் பேரேட்டில் ஏறாது. அல்லாஹ்விடம் ஏறும் என்று நம்புகின்றோம். ஆனால் ‘எனக்குத்தான் நோயாயிற்றே’ என்று வேண்டுமென்றே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த அரை மணி நேரம் இந்தக் கணக்கில் சேராது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவருக்கே நன்றாகத் தெரியும்.

இங்கே இன்னொரு விதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கடமை எதனைக் கொண்டல்லாது நிறைவேறாதோ, அதுவும் கடமையாகும். தாம் மறப்பவர் என்று தெரிந்த பிறகு, மறக்காமலிருக்க ஏற்பாடு செய்வது அவருக்குக் கடமையாகிவிடுகின்றது. மறதி அவர் கையில் இல்லை. ஏற்பாடு அவர் கையில் இருக்கின்றது. கேள்வி கணக்கு அங்கேதான் என்பது நம் கருத்து.

கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில் ஓர் இரவு, நாயகம் (ஸல்) அவர்கள் படையை இளைப்பாறச் செய்து, ஃபஜ்ருக்கு எழுப்பும் பொறுப்பை பிலால் (ரலி) அவர்களிடம் கொடுத்தார்கள். பிலால் (ரலி) தம்மால் இயன்றவரை தொழுதுவிட்டு, விடியும் திசையை நோக்கி ஒட்டகத்தின் மீது சாய்ந்து அமர்ந்தார்கள். அவர்களையும் உறக்கம் ஆட்கொண்டது. வெயில் பட்டுத்தான் எல்லோரும் விழித்தார்கள். தங்களை ஆட்கொண்டதே தம்மையும் ஆட்கொண்டது என்று பிலால் (ரலி) மறுமொழி சொன்னார்கள். அங்கே ஏச்சு இல்லை, பேச்சு இல்லை. அவ்விடத்தை விட்டுச் சற்று நகர்ந்து, உளூச் செய்து, பாங்கும் இகாமத்தும் சொல்லித் தொழுதார்கள். முஸ்லிம் ஷரீஃபில் உள்ள இந்த நிகழ்ச்சியைச் சற்று நிதானித்துப் பாருங்கள். முதலில் ஏற்பாடு இருந்தது. ஏற்பாடு தவறியது. தவறியதற்காக ஒருவர் இழிவுபடுத்தப்படவில்லை. தவறியது திரும்பச் செய்யப்பட்டது. தவறிய இடத்திலேயே உட்கார்ந்து புலம்பாமல் இடமும் மாற்றப்பட்டது. நாற்காலியில் அமர்ந்து இரண்டு மணி நேரமாக ஒரு வரியும் ஓடாதவர், கோப்பை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்ப் பார்க்கட்டும். நம் வாலிபர் அதைச் செய்து பலன் கண்டதாகச் சொன்னார்.

ஏற்பாடுகளில் தலையானது எழுதுவது. திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? சொர்க்கத்தைப் பற்றியா, நரகத்தைப் பற்றியா? கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது (2:282). சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிவிடுங்கள், சலித்துப் போகாதீர்கள் என்று அதில் வலியுறுத்தப்படுகின்றது. சாட்சிகளைப் பற்றிச் சொல்லும்போது, ஒருவர் தவறினால் மற்றவர் நினைவூட்டலாம் என்ற காரணமும் அங்கேயே சொல்லப்படுகின்றது. மனித நினைவின் மீது முழுப் பாரத்தையும் ஏற்றாதீர்கள், காகிதத்தின் மீதும் பக்கத்தில் இருப்பவர் மீதும் கொஞ்சம் ஏற்றுங்கள் என்ற கருத்து அதில் அடங்கியிருப்பதை நாம் காண்கின்றோம். மருத்துவர்கள் இன்று இந்நோயாளிகளுக்குச் சொல்லும் யோசனைகளில் பாதி இதுவே. வேலையைச் சொன்னவுடன், சொன்னவர் எதிரிலேயே சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதி, திரும்பப் படித்துக் காட்டுவது. பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு வைப்பது. அலாரம் வைப்பது, ஒன்றல்ல, மூன்று. கைப்பேசியை மேசை இழுப்பறையில் பூட்டுவது. பில் அனுப்புமுன் பக்கத்து மேசைக்காரரிடம் ஒரு முறை காட்டிவிடுவது. வேலை தொடங்கவே முடியாதபோது, தன் வேலையைச் செய்துகொண்டு இன்னொருவர் சும்மா அருகில் அமர்ந்திருந்தாலே பலருக்குக் கை ஓடுகின்றது. ளுஹரும் அஸரும் வேலை நாளை வெட்டித் தரும் வேலிகளாக அமைவதும் இவர்களுக்கு உதவி. இதைச் சொல்லும்போது, தொழுதால் இந்நோய் போய்விடும் என்று நாம் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழுகை அதற்காகக் கடமையாக்கப்பட்டதன்று.

முதலாளியிடம் சொல்லிவிட வேண்டுமா? பண்டத்தின் குறையை மறைத்து விற்பது மோசடியாயிற்றே, இதுவும் அப்படித்தானா என்றும் அவர் கேட்டார். இதில் நம் அபிப்பிராயம் இது. பேருந்து ஓட்டுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, இயந்திரத்தின் அருகில் நிற்பது போன்ற, மறதி பிறர் உயிரைத் தொடும் வேலைகளில், தம்மால் பாதுகாப்பாகச் செய்ய முடியாதென்று அறிந்தவர் மறைக்கக் கூடாது. மற்ற வேலைகளில் தம் உடற்குறையை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கேட்டால் பொய் சொல்லவும் கூடாது. நம் அனுபவத்தில், நோயின் பெயரைச் சொல்வதைவிட “வாய்மொழியாகச் சொன்னால் எனக்குத் தங்காது, சீட்டில் எழுதிக் கொடுத்தால் தவறாமல் செய்வேன்” என்று சொல்வது முதலாளிமாருக்கு எளிதாக விளங்குகின்றது. அல்லாஹு அஃலம்.

முதலாளிகளுக்கும் சில வார்த்தைகள் உண்டு. இப்பத்திரிகையை வாசிப்போரில் கடை வைத்திருப்போர் குறைவல்ல.

அனஸ் (ரலி) அவர்கள் சுமார் பத்து வயதில் நாயகம் (ஸல்) அவர்களின் பணிவிடைக்கு வந்தார்கள். ஒரு நாள் ஒரு காரியமாக அனுப்பப்பட்டு, வழியில் கடைத்தெருவில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களிடம் நின்றுவிட்டார்கள். பின்னாலிருந்து ஒரு கை பிடரியைப் பிடித்தது. திரும்பிப் பார்த்தால் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கின்றார்கள்! ‘உனைஸ்’ என்று செல்லமாக அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார் சிறுவர். அவ்வளவுதான். பத்தாண்டுப் பணிவிடையில் ஒரு தடவை கூட, ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று தம்மைக் கேட்டதில்லை என அந்த அனஸ் (ரலி) பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். கவனிக்க வேண்டியது, வேலை கைவிடப்படவில்லை என்பது. நாயகம் (ஸல்) அவர்கள் பின்னாலேயே வந்து பார்த்தார்கள், நினைவூட்டினார்கள், காரியத்துக்கு அனுப்பினார்கள். நம்மில் பலர் பின்னால் வந்து பார்ப்பதை மட்டும் சுன்னத்தாக வைத்துக்கொண்டு, சிரிப்பை விட்டுவிட்டோம்.

பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், சக்திக்கு மீறியதை அவர்கள் மீது சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் உதவுங்கள் என்ற கருத்துள்ள ஹதீஸை அறிவிப்பவர் அபூதர் (ரலி) அவர்கள். அதே அபூதர் (ரலி) தமக்கு ஒரு பதவி கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அவருடைய தோளில் தட்டி, நீர் பலவீனர், இதுவோ அமானிதம் என்று உணர்த்தி, கொடுக்க மறுத்தார்கள். அநாதையின் சொத்தை நிர்வகிக்க வேண்டாமென்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. அபூதர் (ரலி) அவர்களின் வாய்மையையும் தக்வாவையும் அறியாதார் யார்? அந்தத் தகுதி குறையவில்லை. வேலை மட்டும் பொருந்தவில்லை. முதலாளிக்கு இதில் ஒரு வழி திறக்கின்றது. கல்லாவில் தடுமாறுபவர் கொள்முதலில் கெட்டிக்காரராக இருக்கலாம். இரைச்சலில் தவறுபவரை மூலையில் உட்கார வைத்தால் தவறு குறையலாம். மாற்றிப் பார்த்தும் இயலவில்லையென்றால், முறைப்படி கணக்குத் தீர்த்து அனுப்ப அவருக்கு உரிமை உண்டு. நஷ்டத்தை அள்ளிக்கொண்டே இருக்குமாறு ஷரீஅத் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் வாடிக்கையாளர் முன்னால் “மூளை இருக்கிறதா?” என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை.

இங்கிலாந்தில் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இயலாமை உள்ளவருக்கு வேலைத்தலத்தில் நியாயமான வசதிகள் செய்து தருவது முதலாளியின் கடமை, ஏ.டி.எச்.டி.யும் அதற்குள் அடங்கக்கூடும். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் வகைப்படுத்தும் 21 குறைகளில் இதன் பெயர் தனியே இல்லை. சீட்டில் எழுதிக் கொடுக்க ஒரு முதலாளிக்குச் சட்டம் தேவைப்படாது என்றே எண்ணுகின்றோம். இமாம் ரக்அத்தை மறந்தால் பின்னால் நிற்பவர் என்ன செய்கின்றார்? ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்கின்றார். இமாமின் பெயரைச் சொல்லிக் கத்துவதில்லை. அல்லாஹ்வைத் துதிக்கும் ஒரு சொல்லே நினைவூட்டலாகவும் ஆகின்றது, தொழுகையும் தொடர்கின்றது.

மருந்தைப் பற்றி ஒரு சொல். மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் மூளையில் சில இரசாயனங்களின் செயலைக் கூட்டிக் கவனத்தை நிலைப்படுத்துகின்றன. மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதவை. இது போதையாயிற்றே, ஹராமன்றோ என்று சிலர் அஞ்சுகின்றார்கள். சிதறும் புத்தியைச் சேர்த்துத் தருவதற்காக, தேர்ந்த மருத்துவர் அளவிட்டுத் தருவதை, புத்தியைப் போக்குவதற்காகக் குடிப்பதோடு சேர்க்க இயலாது. நோயில்லாதவர் பரீட்சைக்காகப் பிறருடைய மாத்திரையை வாங்கி விழுங்குவது வேறு, அது கூடாது. எல்லோருக்கும் இம்மருந்து ஒத்துக்கொள்வதில்லை. இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ரமலானில் என்ன செய்வது என்பது அந்த வாலிபரின் கடைசிக் கேள்வி. பகலில் இரண்டு மூன்று தடவை விழுங்க வேண்டிய மாத்திரைகளும் உண்டு; ஒரு தடவை விழுங்கினால் நெடுநேரம் வேலை செய்பவையும் உண்டு. இரண்டாம் வகை ஒத்துக்கொள்பவர் ஸஹரில் விழுங்கி நோன்பு வைக்க வழி இருக்கலாம். நோன்பு மாதத்தில் உறக்கம் குறைவதே இந்நோயைக் கூட்டிவிடும் என்பதால், தராவீஹுக்குப் பிறகு அரட்டையில் உட்காராமல் படுத்துவிடட்டும். மாத்திரையை எப்படி மாற்றுவதென்பதைத் தாமாக முடிவு செய்யாமல் மருத்துவரிடமே கேட்க வேண்டும். அதையும் ஷஃபானிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னோம். பிறை பார்த்த இரவில் அவருக்கு அது நினைவுக்கு வராது.